பின்மண்டைக்கு வைத்த பொட்டு

கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உட்கார்ந்தால்தான் முந்திரிக்கொட்டை உடைக்க முடியும், இல்லாவிட்டால் ஓட்டிலிருந்து தெறிக்கிற எண்ணெய் விரல் தோலை உரித்துவிடும், அதனால் சாம்பலைப் பூசி, கொட்டையைக் கல்லின்மேல் நிறுத்தி, கட்டையால் ஒரு தட்டு, திருப்பி வைத்து இன்னொரு தட்டு, ஓடு பிளந்து பருப்பு முழுசாக விழவேண்டும், உடைசலாக விழுந்தால் மண்டிக்காரர் வாயைக் கோணுவார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திய நாளிலிருந்து தட்டுகிறேன். விரலில் ரேகையே மிச்சமில்லை, ரேஷன் கடை மெஷினில் வைத்தால் அது என்னை யாரென்று தெரியாது என்கிறது. பையன் தூளியில் தூங்குகிறான். இந்தக் கூடை முடிகிற வரைக்கும் கொளஞ்சி அண்ணனைப் பற்றிச் சொல்கிறேன், நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வராது, குனிந்து வேலை செய்யும்போது மட்டும் பேச்சு வரும்.

அண்ணனை அடக்கம் பண்ணின அன்றைக்குச் சாயங்காலம் ஊர்த்தெருவில் செத்தவர்கள் எல்லாரும் திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள். திரும்பி என்றால், படத்துக்குள்ளேயே. முகம் இருந்த இடத்தில் பின்மண்டை, மார்பு இருந்த இடத்தில் முதுகு. ஆணி அசையவில்லை, கண்ணாடி கீறவில்லை, மாலை வாடவில்லை.

எங்கள் மேலக்கொன்றை மற்ற ஊர்களைப் போலத்தான், ஊர் என்று ஒன்று, காலனி என்று ஒன்று, நடுவில் ஒரு ஓடை. ஊரில் யார் செத்தாலும் பதினாறாம் நாள் படத்திறப்பு வைப்பார்கள், பந்தல் போட்டு, மைக் கட்டி, செத்தவரின் படத்தைப் பட்டுத்துணியால் மூடி வைத்திருப்பார்கள், கட்சிக்காரர் ஒருவர் வந்து துணியை விலக்குவார், விலக்கினதும் பொம்பளைகள் ஒரு பாட்டம் அழுவார்கள், அழுது முடித்ததும் சாப்பாடு. உயிரோடு இருந்தபோது அந்த ஆளுக்கு ஒரு வாய் சோறு போடாத மகன்கூட அன்றைக்கு மைக்கைப் பிடித்துக்கொண்டு தேம்புவான். பக்கத்து ஊர்களில் ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிசாக்கின போட்டோ போதும் என்பார்கள். எங்கள் ஊருக்கு அது போதாது, கையால் வரைந்த படம் வேண்டும், அதுவும் கொளஞ்சி வரைந்ததாக இருக்க வேண்டும், ஏனென்றால் அண்ணன் வரைந்தால் செத்தவர் மூச்சு விடுவது போல இருக்கும்.

வாக்காளர் அட்டையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு முகம் இருக்குமே, திருடனைப் பிடித்து உட்கார வைத்த மாதிரி, பாதி கறுத்துப்போய், அதைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அண்ணன் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கப் பார்ப்பான். சோறு வைத்தால் சாப்பிட மாட்டான். மறுநாள் அம்மா வாய்விட்டுத் திட்ட ஆரம்பித்த பிறகு எழுந்து, முந்திரி ஓட்டு எண்ணெயில் விளக்குக்கரியைக் குழைத்து அவனே செய்த கறுப்பை எடுத்து, முதலில் காதுக்குக் கீழே ஒரு கோடு இழுப்பான். "முகத்துல எல்லா இடமும் பொய் சொல்லும் சுகந்தி, காதுக்குக் கீழ மட்டும் அதுக்குத் தெரியாது" என்பான். அந்தக் கோட்டிலிருந்து தாடை வரும், தாடையிலிருந்து வாய் வரும், மூன்றாம் நாள் மூன்றடி உயரத்துக்குச் செத்த மனுஷர் எங்கள் குடிசையில் உட்கார்ந்து எங்களை முறைத்துக்கொண்டிருப்பார். அம்மா அவருக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போடுவாள். உயிரோடு இருந்தபோது அந்த ஆள் முன்னால் காலை நீட்ட முடியுமா?

அட்டைப் படம் தாடையோடு நின்றுவிடும். அதற்குக் கீழே கழுத்தும் தோளும் வேண்டுமே, அதற்கு அண்ணன் என்னை உட்கார வைத்துக்கொள்வான். ஆம்பளைக் கழுத்துக்குத் தன் கழுத்தையே கண்ணாடியில் பார்த்து வரைவான், பொம்பளை என்றால் நான். ஊர்த்தெருவில் பட்டுப்புடவை கட்டி, மூக்குத்தி போட்டு, சட்டத்துக்குள் தொங்குகிற அத்தனை பேருக்கும் என் கழுத்துதான். என் கையால் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்க மாட்டார்கள். என் கழுத்துக்குத் தினமும் சூடம் காட்டுவார்கள்.

படம் முடிந்ததும் சாக்கில் சுற்றிக்கொண்டு கொல்லைப்பக்கச் சந்தோடு போய் மாட்டுக்கொட்டகையில் சாய்த்துவிட்டு வந்துவிட வேண்டும். தான் வரைந்தது எந்தச் சுவரில் தொங்குகிறது என்று அண்ணன் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனால் குறை சொல்ல மட்டும் கூப்பிட்டு அனுப்புவார்கள். ஊர்த் தலைவர் கலியபெருமாள் தன் அம்மா படத்துக்கு மூன்று தடவை கூப்பிட்டு அனுப்பினார். மாடு கட்டுகிற இடத்தில் வைத்து நடந்த பேச்சை அண்ணன் வந்து நடித்துக் காட்டுவான், அவர் குரலிலேயே.

"டேய் கொளஞ்சி, எங்கம்மா இவ்வளவு கறுப்பாடா?"

"ஆமாங்கய்யா, அவங்க கறுப்புதாங்களே."

"செத்த பிறகு என்னாடா கறுப்பு? கொஞ்சம் செவப்பா ஏத்து. கழுத்துல மூணு வடம் சங்கிலி ஒண்ணு போடு."

"அவங்க போட்டிருந்தாங்களாய்யா?"

"போட்டிருக்க வேண்டியவங்கடா."

அண்ணன் ஏற்றினான், போட்டான். செத்த பிறகு சிவப்பாக ஆகாத ஆள் எங்கள் ஊரில் ஒருவர்கூட இல்லை. அவன் அதற்குக் கோபப்பட்டதும் இல்லை, விழுந்து விழுந்து சிரிப்பான், சிரித்தால் அவனுக்குப் புரை ஏறும், நான் போய் தலையில் தட்டுவேன். நான்தான் கோபப்படுவேன். அவனுக்கும் சேர்த்து இன்றைக்கும் நான்தான் கோபப்படுகிறேன்.

போன ஐப்பசியில் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், நாள் கடந்துவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். பாயில் படுத்துக்கொண்டு காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் தன் முகத்தைத் தானே வரைந்தான். கண்ணாடியை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். கண்ணுக்கு வண்ணம் குழைக்கும்போது, "இந்த மஞ்சள் எந்தக் கடையிலயும் கிடைக்காது சுகந்தி, நல்லா பாத்துக்க" என்று சிரித்தான், புரை ஏறியது, தலையில் தட்டினேன். இரண்டு நாள் கழித்து வெள்ளிக்கிழமை காலையில் போய்விட்டான். இருபத்தாறு வயசு.

சுடுகாடு ஊர்த்தெருவுக்கு அந்தப் பக்கம். பாலம் ஏறித் தெரு வழியாகப் போனால் ஒரு பீடி பிடிக்கிற நேரம். ஆனால் காலனிப் பிணம் தெரு வழியாகப் போகக்கூடாது, ஓடையில் இறங்கி, முள்ளுக்காட்டைச் சுற்றித்தான் போக வேண்டும். ஐப்பசியில் ஓடையில் இடுப்பளவு தண்ணீர் போகிறது. இந்த ஒரு தடவை விடுங்கள், உங்கள் வீட்டில் செத்தவர்களை எல்லாம் வரைந்த பையன் என்று எங்கள் ஆட்கள் போய்க் கேட்டார்கள். தெருமுனையில் கலியபெருமாள் இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

"நல்ல பையன். நான் இல்லைன்னு சொல்லல. எனக்கே காலையில கேட்டதும் ஒரு வாய் காப்பி எறங்கல. அதுக்காக வழக்கத்தை மாத்த முடியுமா? ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பீங்க" என்றார்.

"எல்லாரும் தானே சாவுறோம் ஐயா" என்று என் வீட்டுக்காரர் சிகாமணி சொன்னார்.

"அதான் சொல்றேன்" என்றார் கலியபெருமாள், கும்பிட்ட கையை இறக்காமல்.

பாடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடையில் இறங்கினார்கள். பொம்பளைகள் கரையோடு நின்றுவிட வேண்டும், நின்றோம். நடு ஓடையில் யாருக்கோ கால் வழுக்கி ஒரு பக்கம் சாய்ந்தது, அண்ணனின் வலது கை கட்டின கயிற்றிலிருந்து நழுவி வெளியே வந்து தொங்கியது, தண்ணீரில் விரல் பட்டு ஒரு கோடு இழுத்துக்கொண்டே போனது. அக்கரை போகிற வரைக்கும் நான் அந்தக் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் கலியபெருமாளின் பெண்டாட்டி பவளக்கொடி விளக்கு ஏற்ற வந்து மாமியார் படத்தை நிமிர்ந்து பார்த்தாள், பெரிய கொண்டையும் அதைச் சுற்றி மல்லிகைப்பூவும் தெரிந்தது, அவள் அலறவில்லை, ஓடவில்லை. "உசுரோட இருந்தப்பவும் இதே வேலைதான், கோவம் வந்தா திரும்பி உக்காந்துக்கும்" என்று முணுமுணுத்துக்கொண்டு, தினமும் வைக்கிற குங்குமப் பொட்டை எங்கே வைப்பது என்று கொஞ்ச நேரம் யோசித்து, கொண்டைக்கு நடுவில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்த வீட்டுக் கொட்டகையில் சாணி அள்ளுகிற எங்கள் தெருக்காரி வந்து சொன்னாள். மறுநாள் விடிந்ததும் தெரிந்தது, ஒரு வீடு பாக்கியில்லை, அண்ணன் கைபட்ட படம் அத்தனையும் திரும்பிவிட்டது, ஸ்டுடியோ போட்டோக்கள் மட்டும் எப்போதும் போல முழித்துக்கொண்டிருந்தன.

அதற்குப் பிறகு அந்த மகா புத்திசாலிகள் செய்த காரியங்களை நான் எதை முதலில் சொல்ல. முதலில் எல்லாரும் படத்தைக் கழற்றிச் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டினார்கள், முதுகு அந்தப் பக்கம் போனால் முகம் இந்தப் பக்கம் வந்துதானே ஆகவேண்டும் என்று கணக்கு. வந்தது அட்டை. மூன்று நாள் அட்டைக்கு மாலை போட்டுச் சூடம் காட்டினார்கள். பிறகு கலியபெருமாளுக்கு ஒரு யோசனை உதித்தது, படத்தை நேராகவே மாட்டிவிட்டு, அதற்குப் பின்னால் இருக்கிற சுவரை இடித்து ஓட்டை போட்டால், பக்கத்து அறையிலிருந்து அம்மா முகத்தைப் பார்க்கலாமே என்று. கொத்தனார் வந்தார், இடித்தார், அந்தப் பக்கமும் அட்டைதான் தெரிந்தது. பக்கத்து அறை நெல் மூட்டை போடுகிற அறை, இப்போது ஓட்டை வழியாக எலி வந்து போகிறது. ஆனாலும் தலைவர் வீட்டில் ஓட்டை போட்டுவிட்டார்கள் என்று இன்னும் ஐந்து வீட்டில் ஓட்டை போட்டார்கள்.

ஒரு மாதத்தில் பழகிவிட்டது. பழகினது மட்டுமில்லை, பெருமையாகவும் ஆகிவிட்டது. எங்கள் ஊர் ஆட்கள் செத்த பிறகும் சும்மா இல்லை, சாமியைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வாத்தியார் ஒருவர் சொன்னார், அது எல்லாருக்கும் பிடித்துப்போனது. பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, எங்கள் ஊரில் செத்தவர்களுக்கு இந்தப் பாக்கியம் இல்லையே என்று பொறாமைப்பட்டார்கள். ஸ்டுடியோவில் போய் உயிரோடு இருக்கிறவர்களே முதுகைக் காட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள், சவரக்கடையில் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் மட்டும் பார்த்துப் பார்த்து வெட்டச் சொன்னார்கள், பெண் பார்க்கப் போகிற இடத்தில், "கொஞ்சம் திரும்பு கண்ணு" என்றார்கள். முன்னாள் எம்.எல்.ஏ. ஒருவர் ஒரு வீட்டு வருஷத் திதிக்கு வந்து, மைக்கைப் பிடித்து, "இந்தக் கண்களில் தெரிகிற கருணையைப் பாருங்கள்" என்று மனப்பாடம் பண்ணினதை ஒப்பித்தார், எதிரே ஒரு வழுக்கை மண்டை. ஒருத்தரும் சிரிக்கவில்லையாம். கை தட்டினார்களாம்.

பொம்பளைப் படங்களில் எல்லாருக்கும் பிடரியில் கடுகளவு ஒரு மச்சம் இருந்தது. என் மச்சம். நான் அதைக் கண்ணால் பார்த்ததில்லை, அண்ணன்தான் சொல்லியிருக்கிறான், சின்ன வயசில் பேன் பார்க்கும்போது. ஊர்ப் பொம்பளைகள் அதை ராசி மச்சம் என்றார்கள், நம் குலத்துக்கே உள்ளது என்றார்கள், தங்களுக்கு ஏன் இல்லை என்று யாரும் யோசிக்கவில்லை. கல்யாணத்துக்கு நிற்கிற பெண்களுக்கு எல்லாம் கண்மையால் பிடரியில் ஒரு புள்ளி வைத்துவிட்டார்கள். ஒருநாள் மண்டியில் பருப்புக் கூடையை இறக்கக் குனிந்தேன், பின்னால் நின்ற ஊர்க்காரி ஒருத்தி மூச்சை இழுத்துக்கொண்ட சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அவள் முந்தானையை எடுத்துத் தன் பிடரியிலிருந்த மைப்புள்ளியை அழுந்தத் துடைத்துக்கொண்டே போனாள். யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாள். எப்படிச் சொல்வாள்?

இப்படியே இருந்திருப்பார்கள். இன்னும் நூறு வருஷம் முதுகைக் கும்பிட்டுக்கொண்டு சுகமாக இருந்திருப்பார்கள். கலியபெருமாள் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதுதான் வினை. பத்திரிகை அடித்ததும் முதல் பத்திரிகையைச் செத்த பெரியவர்கள் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட வேண்டும், மாப்பிள்ளையின் அப்பா கூட இருக்க வேண்டும். வெளியூர் மனுஷர் அவர். தாம்பாளத்தை நீட்டிக்கொண்டு எல்லாரும் நிற்கிறார்கள், எதிரே கொண்டை. அவர் தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னா சம்பந்தி, உங்கம்மாவுக்கே இஷ்டமில்ல போலிருக்கே?"

"அது ஒண்ணுமில்லிங்க, இங்க எல்லார் வீட்லயும் அப்படித்தான். சாமியைப் பாத்து உக்காந்திருக்காங்க."

"ஊரே சேந்து முதுகு காட்டுதா? அப்ப விஷயம் பெருசு. முகத்தைக் காட்டட்டும், அப்புறமா தாலியைப் பத்திப் பேசுவோம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

அன்றைக்கு இரண்டு மாதமாக வாயைத் திறக்காத பவளக்கொடி வாயைத் திறந்தாளாம். "வரைஞ்சவனைத் தெருவுல விடல. இப்ப வரைஞ்சதெல்லாம் உங்க மூஞ்சில முழிக்கல. இதுக்கு ஜோசியக்காரன் வேற வேணுமா?" என்று கேட்டாளாம். அவள் நல்லவள் என்று சொல்ல வரவில்லை. மகள் கல்யாணம் நின்றதும்தான் கேட்டாள்.

அப்படித்தான் அவர்கள் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். காலனிக்குள் காலே வைக்காத கால்கள், ஐந்து ஜோடி. பிளாஸ்டிக் நாற்காலி இரவல் வாங்கிப் போட்டோம். தண்ணீர் கொடுத்தோம், டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டார்கள், குடிக்கவில்லை, ஒருவர் நைசாகப் பக்கத்திலிருந்த கனகாம்பரச் செடிக்கு ஊற்றினார். அம்மா பார்த்துவிட்டாள். என் அம்மா சின்னப்பொண்ணுக்கு அறுபது வயசு, பாதிப் பல் இல்லை, மீதிப் பல்லில் விஷம்.

"குடிங்கய்யா, பயப்படாதீங்க. ஓடைத் தண்ணி இல்ல, எம்புள்ள போனானே அந்தத் தண்ணி, அது இல்ல. குழாய்த் தண்ணிதான்" என்றாள்.

கலியபெருமாள் கனைத்துக்கொண்டார். கொளஞ்சிக்கு ஊர்ப் பொதுவில் படத்திறப்பு வைக்கப்போவதாகச் சொன்னார். மேளம், மாலை, மைக் எல்லாம் உண்டு, கொளஞ்சி படத்தைத் தலையில் வைத்து ஊர்த்தெரு வழியாகவே ஊர்வலமாகக் கொண்டுபோவோம், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிறுத்திக் கற்பூரம் காட்டுவோம் என்றார். அண்ணனுக்கு இருக்கிறது ஒரே ஒரு படம், காலண்டர் அட்டையில் அவனே வரைந்தது, அது என்னிடம் இருக்கிறது என்று எப்படியோ தெரிந்து வைத்திருந்தார்கள்.

"தெரு வழியாவா?" என்றாள் அம்மா.

"தெரு வழியாத்தான்."

"ஏன்யா, பொணத்துக்கு வழியில்ல, படத்துக்கு வழி இருக்குதா?"

"படம் வேற, பொணம் வேற பெரியம்மா."

பெரியம்மா! அதுவரைக்கும் அவளை ஏ சின்னப்பொண்ணு என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். என் வீட்டுக்காரருக்கு இத்தனை பெரிய மனுஷர்கள் வாசலில் உட்கார்ந்திருப்பதே தாங்கவில்லை, உள்ளே வந்து, "குடுத்துடு சுகந்தி, படம்தானே, திருப்பிக் குடுத்துடுவாங்க" என்று கிசுகிசுத்தார். அரிசி டிரம்முக்குள் வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தேன். மஞ்சள் கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஊரெல்லாம் முதுகைக் காட்டினாலும் என்னை மட்டும் பார்க்கிறவன். இவனைக் கொண்டுபோய் அந்த மண்டைகளுக்கு நடுவில், அந்த மைக்குக்கு முன்னால், இவனைப் பற்றிக் கலியபெருமாள் தேம்புவதைக் கேட்க வைக்க வேண்டுமா? மூடினேன். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். எனக்குக் குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

"முதல்ல ஒரு பொணம் போவட்டும்" என்றேன்.

"யாரு பேசுறது?" என்றார் ஒருவர்.

"கொளஞ்சி தங்கச்சி" என்றாள் அம்மா, ஆச்சரியத்தோடு.

"இனிமே எங்க தெருவுல யாரு செத்தாலும் ஊர்த்தெரு வழியா போவணும். முதல் பொணம் தோள்ல ஏறிச் சுடுகாட்டுக்குப் போன பிறகு அண்ணன் படம் வரும். அதுக்கு முன்னால வராது" என்று சொல்லிவிட்டு அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏண்டி, இந்தத் தெருவுலயே அடுத்த ஆளு நான்தானே. எனக்குத்தான் வழி கேக்குறியா?" என்று அம்மா சிரித்தாள், சிரிப்பை நிறுத்த அவளால் முடியவில்லை, வந்தவர்கள் எழுந்து போன பிறகும் சிரித்தாள்.

அதற்குப் பிறகு ஊரில் கூட்டம் கூட்டமாகப் போட்டு யோசித்தார்கள். ஆள் மேல் ஆள் அனுப்பினார்கள். பாதித் தெரு வரைக்கும் வரலாம், கோயிலுக்கு முன்னால் திரும்பிவிட வேண்டும் என்றார்கள். மத்தியானம் உச்சி வெயிலில் வந்தால் நாங்கள் கதவைச் சாத்திக்கொள்கிறோம் என்றார்கள். பறை அடிக்காமல் வந்தால் பரவாயில்லை என்றார்கள். தோளில் வேண்டாம், கண்ணாடி ஏற்றின வண்டியில் வைத்து ஒரே அழுத்தாக அழுத்திக்கொண்டு போய்விடுங்கள் என்றார்கள். கடைசியாக ஒருவர் வந்து, படத்தை இப்போது கொடுங்கள், கல்யாணம் முடிந்ததும் முதல் பிணத்துக்கு வழி விடுகிறோம், பத்திரத்தில் வேண்டுமானால் எழுதித் தருகிறோம் என்றார். செத்தவர்களுக்குத் திரும்பி உட்கார ஒரு நிமிஷம் போதுமாக இருந்தது, உயிரோடு இருக்கிறவர்களுக்கு மூன்று மாதமாகியும் கழுத்து திரும்பவில்லை.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே வந்தாள். போன திங்கட்கிழமை வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "நான் செத்த பிறகு வழி விட்டாங்களா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்க பாட்டுக்கு ஓடையில எறக்கிட்டு வந்து, தெருவுல போனோம்னு சொல்லுவீங்க. நான் உசுரோடவே போயிப் பாத்துட்டு வரேன். பாடையைக் கட்டுங்கடா."

முதலில் விளையாட்டு என்று நினைத்தோம். அவள் புதுப்புடவை கேட்டாள். மூங்கில் வெட்டச் சொன்னாள். உயிரோடு இருக்கிறவளைப் பாடையில் வைத்தால் அபசகுனம் என்று எங்கள் தெருப் பெரியவர்கள் பயந்தார்கள், "இதைவிட என்னாடா அபசகுனம் வேணும், எம்புள்ள கை தண்ணியில இழுபட்டுதே" என்றாள், பெரியவர்களே மூங்கில் வெட்ட ஆள் அனுப்பினார்கள். விஷயம் ஊருக்குப் போனது. அங்கே பெரிய சிக்கல். காலனிப் பிணம் வரக்கூடாது என்பதுதான் வழக்கம், காலனிப் பொம்பளை படுத்துக்கொண்டு வரக்கூடாது என்று வழக்கத்தில் இல்லை. இது பிணமா இல்லையா என்று இரண்டு நாள் வாதம் பண்ணினார்கள், வாத்தியாரைக் கேட்டார்கள், அவர் மூச்சு இருக்கிற வரைக்கும் ஆள்தான் என்றார், பாடையில் இருந்தால் பிணம்தான் என்று இன்னொருவர் சொன்னார். முடிவாக ஒரு சேதி வந்தது. யார் தோள் கொடுக்கிறானோ அவனுக்கு இனிமேல் எந்தத் தோப்பிலும் வேலை கிடையாது.

அதுதான் அவர்களுக்குத் தெரிந்த பாஷை. நேற்றைக்குப் பதினைந்து பேர் தோள் கொடுக்கிறோம் என்றார்கள். இன்றைக்குக் காலையில் மூன்று பேர்தான் வந்தார்கள். என் வீட்டுக்காரர், அண்ணனோடு படித்த அய்யாக்கண்ணு, ஓடையில் கால் வழுக்கினானே அந்தப் பையன் வீரமுத்து. மற்றவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், எல்லார் வீட்டிலும் உலை வைக்க வேண்டும். படத்தைக் கொடுத்துவிடு என்று அன்றைக்குக் கிசுகிசுத்த என் வீட்டுக்காரர் இன்றைக்கு முதல் ஆளாகப் போய் முன்பக்கம் நிற்கிறார், அது எனக்கே ஆச்சரியம்தான்.

தப்பு மேளத்தை நெருப்பில் சூடேற்றித் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்கிறது. தெருமுனையில் ஊரே கூடி நிற்கிறதாம். கதவைச் சாத்திக்கொள்கிறோம் என்றவர்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்களாம், உள்ளே அவர்கள் வீட்டுச் செத்தவர்கள் எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது, ஒருத்தரும் உள்ளே போய்ப் பார்க்கத் துணியவில்லையாம். அம்மா ஏறிப் படுத்துவிட்டாள். "மூணு தோளு போதும்டா, சாஞ்சா நான் புடிச்சுக்கிறேன், தூக்குங்க" என்று அவள் சொல்வதும், "சும்மா கிட பெரியம்மா, நாலு வேணும்" என்று அய்யாக்கண்ணு அதட்டுவதும் இங்கே வரைக்கும் கேட்கிறது.

"சுகந்தி! ஏ சுகந்தி!"

என் வீட்டுக்காரர்தான். பையன் எழுந்துவிட்டானோ என்று பார்த்தேன், இல்லை, தூங்குகிறான்.

"எல்லாத்தையும் போட்டுட்டு வா! பின்பக்கம் ஒரு தோளு காலியா இருக்குது. உங்கம்மா உன்னைத்தான் கூப்புடுது!"

என்னையா? பொம்பளை பாடை தூக்கி நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை, கரையோடு நின்றுவிடத்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், தெருமுனையில் கலியபெருமாள் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நிற்பார், வழக்கம் என்பார், நல்ல பையன் என்பார், நான் மூங்கிலைத் தோளில் வைத்துக்கொண்டு அவருக்கு நேராகப் போய் நின்று, முகத்தைப் பார்த்து, ஆமாம், முகத்தைப் பார்த்துத்தான், சொல்லப்போவது என்னவென்றால், ஐயா, கொஞ்சம் தள்ளி—